பென்சிலால் எழுதிய பெயர்

சாவோ பாலோவில் ஜனவரி இருபத்துநான்கு.
மழை வரலாம், வராமலும் போகலாம்.
பிராஸ் பகுதியில், துணிக்கிடங்குகளுக்குப் பின்னால்
பேருந்துகள் திரும்பும் சதுக்கத்தில்
இன்று மட்டும் எல்லாம் சிறுத்துக் கிடக்கிறது.
கட்டைவிரல் உயர மாடி வீடு,
தீப்பெட்டிக்குள் அடங்கும் லாரி,
நாலே நாலு மணி கொண்ட அரிசி மூட்டை,
நகக்கண் அளவு டாலர்க் கட்டு.
வேண்டியதைக் குட்டியாக வாங்கி
உச்சிப்பொழுதில் புகை காட்டினால்
வருஷம் திரும்புவதற்குள் வளர்ந்துவிடும் என்பது
பொலிவியாக்காரர்களின் கணக்கு.

எங்கள் மேஜையில் எதுவும் சிறியதில்லை.
'தொழிலாளர்களுக்கு இலவசச் சட்ட உதவி',
பதாகை இரண்டு கம்பங்களையும் தாண்டித் தொங்குகிறது.
வக்கீல் ஜுசாரா மூன்றாவது காப்பியில் இருக்கிறாள்.
படிவங்கள் பறக்காமலிருக்க
யாரோ தந்த அவித்த சோளக்கதிரை
மேலே வைத்திருக்கிறேன்.
காலை முழுக்க வந்தவர்கள் இரண்டே பேர்:
கழிப்பறை எங்கே என்று ஒருவர்,
பக்கத்துக் கடைக்குச் சில்லறை கேட்டு
ஹைத்திக்காரன் ஒல்னெல்.

மேடையில் நகராட்சிக்காரர் பேசினார்.
பன்மையே எங்கள் செல்வம் என்றார்
பதினோரு முறை. ஒல்னெல் எண்ணினான்.
யாருடைய செல்வம் என்று
எண்ணவில்லை அவன், கேட்டான்.

பிறகு பித்தளை ஊதல், பெருமேளம்.
மொரெனாதா ஆட்டம் சதுக்கத்தில் இறங்கியது,
கண்ணாடிச் சில்லு பதித்த உடைகள்
ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி எடை.
முன்வரிசையில் சாட்டை சுழற்றி வந்தவர்
டொன் ஃபெர்மீன்.
இசைக்குழு அவர் உபயம். பீரும் அவர் உபயம்.
மூன்று தையல் கூடங்கள் அவருக்கு,
மூன்றிலும் ஜன்னல் கிடையாது.

உச்சிப்பொழுது தாண்டி அவள் வந்தாள்.
விடுமுறை நாளிலும் கழற்ற மறந்த அளவுநாடா
கழுத்தில் கிடந்தது.
எவரிஸ்டா கொண்டோரி.
உள்ளங்கையைத் திறந்தாள்:
தபால்தலை அளவில் ஒரு நீலப் புத்தகம்,
தொழிலாளர் பதிவேடு,
புகை வாசனை இன்னும் போகவில்லை.
"இதைப் பெருசாக்கணும்" என்றாள்,
தையற்காரியிடம் பாவாடை கொடுப்பவள்போல.

பெயர் எழுதினேன். வயது முப்பத்தொன்று.
வேலை நேரம்?
"பல்பு எரியற வரைக்கும்."
ஒரு சட்டைக்கு?
"ஒன்றரை ரெயால்."
ஒல்னெல் தன் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.
தங்கும் இடம்?
கூடத்தின் முகவரியையே மறுபடி சொன்னாள்.
முதலாளி பெயர்?

அங்கே நின்றது.

மேளம் மட்டும் நிற்கவில்லை.
அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன்.
"என் பையனுக்கு ஞானத்தகப்பன்.
ஜுரத்தில் கிடந்தப்ப மருந்து வாங்கித் தந்தவர்.
அந்த முதுகில் டிராகன் இருக்கே,
நான் தைத்ததுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு.
அதுக்குக் கூலி இல்லை, வேண்டுதல்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்.
உப்பிட்ட கையே வயிற்றில் அடித்தால்
எதை முதலில் நினைப்பது?
என் சட்டப் புத்தகத்தில் அதற்குப் பிரிவு இல்லை.
ஆட்டம் உன்னுடையது, அவருடையதல்ல என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அதைச் சொல்ல நான் யார்?
நான் போட்டிருந்த சட்டை
அந்தக் கடைவீதியில் மலிவாக வாங்கியது.

ஜுசாரா ஒன்றும் பேசாமல்
பேனாவை எடுத்துக்கொண்டு பென்சிலை நீட்டினாள்.
எவரிஸ்டா தானே எழுதினாள் அந்தப் பெயரை,
குனிந்து, ஊசியில் நூல் கோப்பதுபோல்,
மிகச் சின்ன எழுத்தில்.
அந்தச் சதுக்கத்தில் அன்று விற்ற எதையும்விடச்
சின்னதாக இருந்தது அது.
"ஞாயிற்றுக்கிழமை வரேன்.
அதுக்குள்ளே வளர்ந்திருந்தா
பேனாவில் எழுதலாம்."

போய்விடுவாள் என்று நினைத்தேன்.
கடைசி வரிசையில் சேர்ந்து ஆடினாள்,
அளவுநாடா அங்குமிங்கும் பறக்க,
அவர் உபயம் செய்த தாளத்துக்குத்
தன் காலால்.

சில்லறையைத் திருப்பித் தர வந்த ஒல்னெல் சொன்னான்:
நீலப் புத்தகங்கள் தீர்ந்துவிட்டனவாம்,
நாற்பது கொண்டுவந்தார்களாம்.
எங்கள் படிவக் கட்டில் ஒன்றுதான் குறைந்திருந்தது.

முதல் துளி விழுந்தது.
சோளக்கதிரை நகர்த்தி
அந்தப் பெயருக்கு மேல் வைத்தேன்.
பென்சில் எழுத்து நனைந்தால் அழியாது
என்று ஜுசாரா சொன்னாள்.
ரப்பருக்குத்தான் பயப்பட வேண்டுமாம்.